மூப்பர் வீட்டுச் சோறு

"அங்கேயே நில்லு, தங்கமயில்! உள்ள கால் வைக்காதே."

தாராவியில் அந்தச் சின்னச் சபையின் வாசலில், மூப்பர் ஞானாபரணம் கையை நீட்டி மறித்தார். அன்று அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. முக்காடு போட்டு வந்த தங்கமயில் அப்படியே நின்றாள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அரிசித் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய அறுபத்தாறாம் வருஷம் அது. வெளியிலிருந்து பம்பாய்க்குள் அரிசி கொண்டுவரக் கூடாது. தங்கமயில் கல்யாண் ஸ்டேஷன் தாண்டிப் போய் அரிசி வாங்கி, சின்னச் சின்னப் பையாக இடுப்பில் கட்டி, சேலையால் மூடி ரயிலில் கொண்டுவருவாள். புருஷன் போன பிறகு அதுதான் அவள் பிழைப்பு.

நேற்றுச் சாயங்காலம் தாராவியை ஒட்டிய சயான் ஸ்டேஷனில் பிடிபட்டுவிட்டாள். போலீஸ் ஹவல்தார் பைகளை அறுத்து பிளாட்பாரத்தில் கொட்டியதைப் பாதித் தாராவி பார்த்தது.

"பிள்ளைத்தாச்சி மாதிரி வேஷம் போட்டு அரிசி கடத்துதவ, ஆண்டவர் பந்தியில கை நீட்டலாமாட்டி?"

"தப்புதான் ஐயா."

"யார் யாருக்குக் கொண்டாந்த? பேரைச் சொல்லு. அவுகளையும் இதே வாசல்ல நிறுத்துதேன்."

தங்கமயில் தலையைக் குனிந்துகொண்டாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"சொல்ல மாட்ட? அப்ப எல்லாப் பாவத்தையும் நீயே சுமந்துக்கோ. இனி இந்தப் பக்கம் வராதே."

அவள் போய்விட்டாள். மூப்பர் உள்ளே போய் முதல் வரிசையில் நின்று, எல்லாரையும்விட உரக்கப் பாடினார்.

மத்தியானம். மனைவி அன்னபாக்கியம் தட்டு வைத்தாள். மூப்பர் கண்ணை மூடினார். அவருடைய சாப்பாட்டு ஜெபம் ஊரறிந்தது. குழம்பு ஆடை கட்டிய பிறகுதான் ஆமென் வரும்.

"கர்த்தாவே, ஊரே சிவப்புச் சோளத்தைத் தின்று தவிக்கிற இந்நாட்களிலும், அடியேன் வீட்டில் ரெண்டு வேளையும் வெள்ளைச் சோறு பொங்கச் செய்கிறீரே, ஸ்தோத்திரம்! கள்ள வழிக்குப் போகாத என் நேர்மையைப் பார்த்தல்லவோ இவ்வளவு கிருபை..."

ஒருவழியாகக் கண்ணைத் திறந்தார். தட்டில் ரெண்டு கோதுமை ரொட்டி, காய்ந்து கிடந்தது.

"சோறு எங்க?"

"சயான் பிளாட்பாரத்துல கிடக்கு."

"என்னட்டி சொல்லுத?"

"நேத்து அவ இடுப்புல இருந்தது நம்ம வீட்டு அரிசி. மாசக்கணக்கா அவ கொண்டாந்ததைத்தான் பொங்கிப் போடுதேன். ரேஷன் அரிசி நாலு நாளைக்குக் காணுமா? மிச்ச நாளு சோறு எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவையாவது கேட்டீகளா?"

மூப்பரின் பார்வை திறந்திருந்த கதவுப் பக்கம் போனது.

"யாருக்குன்னு ஹவல்தார் அறைஞ்சு கேட்டான். அவ சொல்லல. காலையில நீங்க கேட்டீக. உங்க முன்னாலயே நின்னுக்கிட்டு, உங்க பேரைச் சொல்லாமப் போனா. நானும் ஒரு பாவி, வாயைப் பொத்திக்கிட்டுப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

மூப்பர் தட்டைத் தள்ளி வைத்தார். கண் கலங்கினாற்போல் இருந்தது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

தங்கமயிலின் குடிசைக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்து, அன்னபாக்கியம் அவசரமாக அவர் செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

மூப்பர் செருப்பைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அவளை விட்டா, அரிசி கொண்டார ஆளு வேற யாரும் இல்லையா?"