வாசலில் உட்கார்ந்த பூனை

முதலாளி ‘விற்பனை’யைத் தட்டினார். பூனை வந்தது.

கொட்டாவி விடும் பூனை. அதன் கீழே, ‘நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை.’

‘கிடங்கு’ தட்டினார். பூனை. ‘புகார்’ தட்டினார். அதே பூனை, அதே கொட்டாவி.

வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். இந்த வேலையை முடித்துக் காட்டினால்தான் லீவு என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

வேலை இதுதான். எங்கள் மெத்தைக் கம்பெனியின் வெப்சைட்டில் எதைத் தட்டினால் எந்தப் பக்கம் திறக்கும் என்று வழிகாட்டும் வரிகளெல்லாம் ஒரே ஃபைலில் கூட்டுக்குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஒருவர் கைவைத்தால் இன்னொருவர் பக்கம் படுத்துவிடும். தினமும் சண்டை. அதனால் பாகம் பிரித்தோம், ஆளுக்கொரு ஃபைல். கடைசியில் அத்தனையையும் வரிசையாகக் கோத்தது நான்.

வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எதுவும் பொருந்தாவிட்டால் பூனையைக் காட்டு என்கிற வரி எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்க வேண்டும். பூனையை வரைந்த டிசைனர் அந்த வரியைத் தன் ஃபைலிலேயே போட்டுவைத்திருந்தான். நானோ அவன் ஃபைலைத்தான் முதலில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பூனை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியது.

முதலாளி எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

“எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி! இதைத்தானம்மா நான் இத்தனை நாளா கேட்டுட்டிருந்தேன். இனிமே யாரும் இதுல ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாது.”

எல்லாரும் கைதட்டினார்கள். வேறு என்ன செய்வது?

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேலை முடியவில்லை என்று ஆகிவிடும், லீவு அம்பேல். விழுங்கிவிட்டு லீவை மட்டும் கேட்டேன்.

“அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கோ. நம்ம சைட்லயே ‘லீவு’ன்னு இருக்கே, அதுல போய் அப்ளை பண்ணிடு. எனக்கு எதுவும் முறைப்படி இருக்கணும்.”

தட்டினேன். பூனை கொட்டாவி விட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டில் டிசைனர் குனிந்த தலை நிமிரவில்லை.

அவனுடைய லீவு போன வாரமே பாஸாகிவிட்டது. அதே வெள்ளிக்கிழமைக்கு, அதே மணமேடைக்கு.