பிறகு நினைவூட்டு

கொக்குவிலில் மரண அறிவித்தல் அச்சடிக்கும் கடையொன்றில் கணினி வேலை பார்ப்பவள் சுகந்தினி. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளோடு, கேளாமலே ஒரு துணைச் செயலியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எத்தனை முறை நீக்கினாலும் மறுநாள் காலை திரும்பி வந்து, உரிமம் யார் பெயரில் என்று திரையில் ஒரு பெட்டி திறந்து கேட்கும். தன் பெயரைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அன்று அச்சுக்கு வந்த அறிவித்தலில் இருக்கும் பெயரையே அடித்துவிடுவாள். செத்தவரிடம் யார் போய் உரிமம் கேட்கப்போகிறார்கள்? பெட்டியும் பேசாமல் மூடிக்கொள்ளும்.

ஆவணி பிறந்ததிலிருந்து பெட்டி பெயரைக் கேட்பதில்லை. ஒரு பெயரைத் தானே நிரப்பிக்கொண்டு வரும். அவள் 'சரி'யை அழுத்துவாள். மத்தியானத்துக்குள் அந்தப் பெயருக்குரியவரின் வீட்டார் அறிவித்தல் அடிக்கப் படத்தோடு கடைக்கு வந்துவிடுவார்கள்.

இன்று காலை பெட்டியில் இருந்தது அவளுடைய அம்மாவின் பெயர்.

கீழே 'சரி', 'பிறகு நினைவூட்டு' என்று இரண்டு பொத்தான்கள். பதில் இல்லையென்றால் 'சரி' என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்று அடியில் சிறிய எழுத்தில் கிடந்தது. அவள் இரண்டாவதை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

பொழுதுபட்டதும் முதலாளி தம்பிஐயா சாவியோடு வந்து நின்றார்.

"பூட்டவேணும் பிள்ளை, எழும்பு."

"கொஞ்ச வேலை கிடக்கு அண்ணை. நீங்கள் போங்கோ, நான் பூட்டுறன்."

கைபேசி அடித்தது. அம்மா.

"புட்டு ஆறுது. எப்ப பிள்ளை வாறாய்?"

"வாறன் அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ," என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

"நீ வராமல் நான் சாப்பிடமாட்டன்," என்றாள் அம்மா.