முழு இலக்கணமும் இலவசம்

இருட்டிய பிறகு வளையின் கதவுக்கு வெளியே விசித்திரமான கீச்சொலி கேட்டது. குட்டிகளை அணைத்துக்கிடந்த எலி காதைத் தீட்டிக்கொண்டது.

“அணில் பாஷை,” என்றது மூலையில் கிடந்த பழைய செல்போன். “நெட்டில் முழு இலக்கணமும் இலவசமாகவே இருக்கிறது. எடுத்துத் தரட்டுமா எலியம்மா?”

“அரைகுறையாக வேண்டாம்ப்பா, முழுசாகவே எடு. தப்பாகப் புரிந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டால் என் பிள்ளைகள் கதி?”

செல்போன் எழுநூறு பக்கங்களை விரித்தது. எலி ஒரு வரி விடாமல் படித்தது. வெளியே கீச்சொலி கெஞ்சிக்கொண்டே இருந்தது.

“இதற்குள் ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கலாமே.”

“நீ சும்மா இரு. அடுத்த பக்கத்தைக் காட்டு.”

நானூறாம் பக்கத்தில்தான் அந்தப் பேச்சு விளங்கியது. ‘பூனை வருகிறது. என் குட்டியையாவது உள்ளே விடு.’

எலி ஓடிப்போய்க் கதவைத் திறந்தது. வாசலில் யாரும் இல்லை. சற்றுத் தள்ளிப் பூனை முகம் கழுவிக்கொண்டிருந்தது.

எலி சத்தமில்லாமல் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது.