பதினேழு கோல் அடித்தவன் பெஞ்சில்

"ஜெயவேல் பேரை வுட்டுட்ட நோயலு," என்றேன்.

"வுடல. அவன் இன்னிக்கு ஆடல," என்றான் நோயல், பேப்பரை மடித்துக்கொண்டே.

எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமில் ஒரு வழக்கம். ஆடப்போகும் பதினொரு பேரை கோச் படிக்க மாட்டார், கேப்டன்தான் படிப்பான். படித்தது படித்ததுதான். எதிர்க்கேள்வி கிடையாது.

ஆனால் இது பைனல். பதினாலு வருஷம் கழித்து வந்திருக்கிறோம். இந்த சீசனில் நாங்கள் போட்ட இருபத்தாறு கோலில் பதினேழு ஜெயவேல் அடித்தது. அவனைப் போய் யாராவது உட்கார வைப்பார்களா?

காரணம் தெரியாமலா இருக்கும்? எண்ணூர் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி தன் டீமுக்கு ஒரே ஒரு ஃபார்வர்டை வேலைக்கு எடுக்கிறது. ட்ரையலுக்கு நோயலையும் கூப்பிட்டிருந்தார்கள், ஜெயவேலையும் கூப்பிட்டிருந்தார்கள். ரெண்டு வீட்டிலும் கஷ்டம்தான். அன்றைக்குக் கம்பெனி ஆட்களே கேலரியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இதெல்லாம் ஒரு பொயப்பாடா?" என்றான் ஜெயவேல்.

நோயல் மடித்த பேப்பரைப் பையில் வைத்துவிட்டு எழுந்தான். கோச் ஸ்டானிஸ்லாஸ் சார் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்கு பூஜ்யம், தோற்றோம். நோயல் மட்டும் பேய் மாதிரி ஓடினான். கம்பெனிக்காரனுக்குப் படம் காட்டறான் பாரு என்று பேசிக்கொண்டோம். பொய் சொல்வானேன், நானும்தான் பேசினேன்.

கேட்டுக்கு வெளியே ஜெயவேலின் அம்மா சொக்கம்மாள் நின்றிருந்தார். மகன் ஆடுவதைப் பார்க்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு எர்ணாவூரிலிருந்து வந்தவர். நேராக வந்து நோயல் சட்டையைப் பிடித்தார்.

"என் புள்ள மேல உனுக்கு இன்னாடா அவ்ளோ வவுத்தெரிச்சலு? என் வூட்ல எத்தினி நாளு குந்திகினு துன்னுருப்ப?"

"தப்பா நெனச்சுக்காதம்மா," என்றான் நோயல். அவ்வளவுதான்.

நாங்கள் யாரும் தடுக்கவில்லை. நல்லா வாங்கட்டும் என்றிருந்தது எனக்கு.

பத்து நாள் கழித்து ட்ரையல். வேலை ஜெயவேலுக்குக் கிடைத்தது.

மறுநாள் சாயங்காலம் சொக்கம்மாள் லட்டு டப்பாவோடு கிரவுண்டுக்கே வந்துவிட்டார். எல்லோருக்கும் கொடுத்தார். நோயல் முன்னால் வந்ததும் டப்பாவை மூடினார்.

"பாத்தியா? நீ பெஞ்சுல குந்த வெச்சியே, அந்தப் புள்ளதான்."

நோயல் சிரித்தான். ஜெயவேல் பக்கம் திரும்பினான்.

"முட்டி வீக்கம் சுத்தமா வத்திடுச்சா மாமு?"

ஜெயவேலுக்கு முகம் மாறிவிட்டது. "உனுக்கு எப்டி தெரியும்? செமி பைனல்ல பட்டது. எங்கம்மாவாண்ட கூட சொல்லலியே."

"பஸ்ல ஏறும்போது காலைக் கையால தூக்கி வெச்ச. அப்பவே பாத்துட்டேன். சாரும் நானும் டாக்டராண்ட கேட்டோம். பத்து நாளு ஆடாம இருந்தா சரியாப் பூடும், ஆடுனா முட்டி பூடும்னாரு."

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ கேக்கற ஆளா? கட்டு போட்டுகினு எறங்கியிருப்ப. விசயம் வெளிய தெரிஞ்சா கம்பெனிக்காரன் உன் பேரை அடிச்சிருப்பான்."

ஸ்டானிஸ்லாஸ் சார் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு நோயல் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இன்னாடா சொல்றான் இவன்?" என்றார் சொக்கம்மாள்.

ஜெயவேல் அம்மா கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து நோயலிடம் நீட்டினான்.

"எம்மா, அன்னிக்கு இவன் என்னை எறக்கி வுட்டிருந்தா, இந்த வேலை இவனுக்குத்தான் கெடச்சிருக்கும்."