லட்சம் பயணிகள்

மழைக்காலம் முடிவதற்குள் ஏரிக்கரைக் கம்பத்தில் அரசு பொருத்திய ஒலிவாங்கியின் காதில் ஒரு தவளைச் சத்தமாவது விழ வேண்டும். விழுந்தால் அது ஏரி, விழாவிட்டால் வீட்டுமனை. சட்டம் அப்படி. இன்று கடைசி நாள், மாலை ஆறு மணிக்குக் கெடு.

அடுக்ககத்தின் பின்பக்க மண்ணில் லட்சம் தவளைகள் இருந்தன. பதினொன்றுதான் என்பவர்களுக்கு எண்ணத் தெரியாது. ஏரிக்குப் போகிற வழியில் கார்ப்பாதை; அதை ஒரு தவளையும் உயிரோடு தாண்டியதில்லை.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் இருதயமேரி பழைய விசிலோடு நடுப்பாதையில் நின்றாள். ஆபீஸ் விட்டு வந்த முந்நூறு கார்களும் நின்றன.

“ஆன்ட்டி, அந்த மனையில நான் வீடு புக் பண்ணிட்டேன்!” என்று காரிலிருந்து கத்தினார் அடுக்ககச் செக்ரட்டரி வேதகிரி.

“முப்பது வருஷம் உங்களையே ஏத்தி இறக்கியாச்சு. இன்னிக்கு இவங்க டிரிப்பு, தம்பி” என்றவள், தயங்கி நின்ற முதல் தவளையைப் பார்த்து, “படியில நிக்காத, உள்ள போ!” என்றாள்.

அது ஏரியில் குதித்தது. ஆறு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் ஊரே அதிரக் கத்தியது. கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

“அதான் கத்திடுச்சே, வழிய விடுங்க!” என்றார் வேதகிரி.

“இன்ஜினை ஆஃப் பண்ணு. பின்னால இன்னும் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பேர் வரணும்” என்று சொல்லி, மறுபடி விசிலை ஊதினாள் இருதயமேரி.