கூரையிலிருந்து இறங்கும் திரை

கச்சிராயபாளையம் விவசாயிகள் சங்கத்தின் கூட்ட அறைக்குள் காலை வெயில் சாய்வாக விழுந்து, நீளமான மேஜையின் பாதியை மட்டும் வெளுக்க வைக்கிறது. எதிர்ச்சுவரில், போன வருஷம் இறந்துபோன தலைவர் செல்லமுத்துவின் மாலையிட்ட பெரிய படம். அவர் மனைவி தையநாயகிதான் இப்போது தலைவி. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருக்கும் கடைக்காரர் ஜாபர் ஏணியில் ஏறி நிற்கிறார். பட்டனை அழுத்தினால் கூரைக்குள்ளிருந்து இறங்கும் புரொஜெக்டர் திரை எப்படி இருக்கும் என்று காட்ட, சீலிங் இடைவெளியில் ஒரு வெள்ளை வேட்டியைச் செருகி மெல்ல மெல்லக் கீழே விடுகிறார். படத்தில் முதலில் தலைப்பாகை மறைகிறது. பிறகு கண்கள், மீசை. மாலையின் நுனி மட்டும் வேட்டிக்குக் கீழே ஆடுகிறது.

"அண்ணன் மொகத்த மூடுதுங்களே அண்ணி," என்கிறார் சங்க இயக்குநர்களில் ஒருவரான அய்யனார். "அந்தப் பக்கம் ஸ்டாண்டு போட்டு வச்சிக்கலாமே. செலவும் கம்மி."

தையநாயகி வேட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மின்விசிறிக் காற்றில் அது லேசாகப் புடைத்து அடங்குகிறது.

"இதுவே இருக்கட்டும் தம்பி. நான் எது பேசினாலும் நீங்கல்லாம் அவரு மொகத்ததான் பாத்துக்கினு இருக்கீங்க. கூட்டம் முடிஞ்சப்புறம் மேல ஏத்திக்கலாம்."

வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று கடந்து போகிறது.

"அகலம் எவ்ளோம்மா வைக்கலாம்?" என்கிறார் ஜாபர்.

தையநாயகி அளவு நாடாவின் ஒரு முனையைச் சுவரில் வைத்து அழுத்துகிறாள். சற்றுத் தயங்கி, மறுமுனையை அய்யனார் வாங்கிக்கொள்கிறார்.