போன டிசம்பரின் குஞ்சு

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டின் சாப்பாட்டு மேசையில் ரெபெக்காவின் லேப்டாப் நீலமாய் ஒளிர்கிறது. அண்டார்டிகாவில் நட்டிருந்த கேமராவின் படங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் அவள் வேலை. இந்தக் கூட்டில் தகப்பன் பெங்குவின் குஞ்சை அணைத்தபடி நிற்கிறது. கடலின்மேல் உறைந்த பனி இம்முறை உடையவில்லை. இரைக்குப் போன தாய் வெகுதூரம் நடந்தால்தான் மீன் பிடிக்கத் தண்ணீரே கிடைக்கும். படத்துக்குப் படம் தகப்பன் மெலிகிறது. பசி தாங்காமல் அதுவும் கிளம்பிவிட்டால் குஞ்சு பிழைக்காது. தோசை ஆறிக்கொண்டிருக்க, ரெபெக்கா கண்ணை மூடி முணுமுணுக்கிறாள். “லூசு, இது போன டிசம்பர் போட்டோ. முடிஞ்சுபோனதுக்கு இப்ப ஜெபம் பண்றியா?” என்று சிரிக்கிறான் கணவன் ஜெஃப்ரின். “கர்த்தருக்கு ஏதுங்க போன டிசம்பர்?” என்கிறாள் அவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவனும் கண்ணை மூடுகிறான். ரெபெக்கா அடுத்த படத்தைத் தட்டுகிறாள். தகப்பன் இல்லை. குஞ்சு மட்டும் வாயைத் திறந்தபடி அவர்கள் இருவரையும் பார்க்கிறது.